கவுன்சிலர் வீட்டுக் குடம்

எண்பதுகளில் என் வீட்டுக்காரர் வார்டு கவுன்சிலர் ஆனபோது, அவரைவிட எங்கள் குடத்துக்குத்தான் மரியாதை கூடியது.

ராஜபாளையத்தில் அப்போது கோடை வந்துவிட்டால் தெருக்குழாயில் தினமும் தண்ணீர் வராது. வருகிற அன்று விடிந்ததும் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். குடம் இருக்கும் இடம்தான் ஆள் நிற்கும் இடம். அடுத்த வீட்டுக் குடத்தை யாராவது நகர்த்தினால் தெருவே ரெண்டுபட்டுப் போகும்.

அவர் ஜெயித்த பிறகு ஒருநாள் பார்க்கிறேன், நான் நடுவில் வைத்த பித்தளைக் குடம் குழாயடியில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறது.

"கவுன்சிலர் வீட்டுக் கொடம் பின்னால கெடந்தா நமக்குல்லா கேவலம்" என்றாள் எதிர்வீட்டு மதினி. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இல்லை என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பஞ்சாலையில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த என் வீட்டுக்காரர் இதைப் பார்த்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். "இது எங்கன இருந்துச்சு?" என்று கேட்டு, பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். அடுத்த முறையும் குடம் முன்னால் வந்தது, அடுத்த முறையும் தூக்கி வைத்தார். பிறகெல்லாம் தெருமுனையில் அவர் சைக்கிள் மணி கேட்டதுமே பெண்கள் அடித்துப் பிடித்து என் குடத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள்.

அப்படி ஒருநாள்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து என் அக்காவும் அத்தானும் பால்கோவாவோடு வந்து இறங்கினார்கள். என் முறை வருவதற்குள் குழாய் நின்றுவிட்டது. கால் கழுவ அரைச் செம்புத் தண்ணீர்தான் கொடுக்க முடிந்தது.

அத்தான் சும்மா இருப்பாரா? "ஏ சகல, கவுன்சிலர் வீட்டுலயே தண்ணி இல்லையே, ஊருக்கு எங்கிட்டிருந்து குடுப்பீரு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். போகும்போது டீக்கடையிலும் அதையே சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு நாளு கொடம் முன்னால இருந்தா ஒங்களுக்கு என்ன கொறைஞ்சிரும்?"

"இன்னைக்கு கொடம் முன்னால போகும், நாளைக்கு கொழாயே வீட்டுக்குள்ள வரும். பொறவு தெருவுல தண்ணி வரலங்கறது எனக்கு எப்படிட்டி தெரியும்?"

இந்த மனுஷனோடு யார் பேசி ஜெயிக்க முடியும்?

தொண்ணூறுகளில் மறுபடி தேர்தல் வந்தது. எதிராளியின் ஆட்டோ மைக்கைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்தியது: "தன் வீட்டுக்கே தண்ணீர் கொண்டுவர முடியாதவருக்கா உங்கள் ஓட்டு?" எங்கள் அத்தானின் கேலி அத்தனை வருடம் டீக்கடையில் பத்திரமாக இருந்திருக்கிறது.

"கொடத்தத் தூக்கித் தூக்கி வச்ச கதைய நீங்களும் மைக்குல சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

"அதப் போயி நானே சொல்லவா? நல்லாவா இருக்கும்?" என்றார்.

தோற்றார். அவர் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார். நான்தான் அழுதேன். எங்கள் தெரு ஓட்டே அவருக்கு முழுதாக விழவில்லை.

அடுத்து தண்ணீர் வந்த அன்று குழாயடிக்குப் போனேன். முதல் இடத்தில் பளபளவென்று ஒரு புதுப் பிளாஸ்டிக் குடம். புதுக் கவுன்சிலர் வீட்டுக் குடம் என்று கேட்காமலே தெரிந்தது. கொண்டுவந்து வைத்தவள் அதே மதினி. என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடத்தை எட்டி உதைக்கலாமா என்று இருந்தது.

அப்போது தெருமுனையில் அவருடைய சைக்கிள் மணி அடித்தது.

மதினி பதறிப்போய் ஓடினாள். அந்தப் புதுக் குடத்தைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் வந்து நின்றாள்.