எலி கடித்த திராட்சைக் குலை

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ஆயக்குடியில் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கொடைக்கானலில் ஒரு பழைய மாதா கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தார் அங்கிருந்த சாமியார். பீடத்துக்கு முன்னால், நன்மை என்று சொல்லும் நற்கருணை அப்பம் வாங்க ஜனங்கள் மண்டியிடும் இடத்தில், நீளமாக ஒரு மரக்கிராதி. அதன் மேல்விளிம்பு முழுக்கத் திராட்சைக் கொடி செதுக்கியிருந்தது. மலை ஈரத்தில் பாதி உளுத்துப் போயிருந்தது. அதைப் பழையபடி ஆக்கித் தரவேண்டும்.

எனக்கு வேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. உளுத்ததை மட்டும் எடுத்துவிட்டுப் போக மனசு வராது. சின்னக் கீறல்கூட இருக்கக்கூடாது. கிராதியின் இடது கோடியில் ஒரு குலையின் ஓரம் பொடிப்பொடியாகக் கடிபட்டிருந்தது. தேக்கில்லை, மிருதுவான மரம். 'எலிக்கும் திராட்சை ஆசை விடவில்லை போல' என்று சிரித்துக்கொண்டே அந்தத் துண்டை அறுத்தெடுத்தேன். புதிதாகச் செதுக்கி ஒட்டினேன். பழையதை மற்றச் சில்லுகளோடு, வாசலில் மரம் ஒட்டுகிற வச்சிரப் பசை காய்ச்சும் அடுப்பில் போட்டேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு கச்சிதம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும் ஆசையில் நானும் கதவோரம் நின்றேன். எல்லோரும் போன பிறகும் ஒரு பெண் அந்தக் கோடியிலேயே மண்டியிட்டிருந்தார். பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்ப்பவர். விரலால் குலையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“அண்ணே, இங்கன பல்லுத் தடம் கெடந்துச்சே?”

“எலி கடிச்சதும்மா. சுத்தமா எடுத்துட்டேன்.”

“எலி இல்லண்ணே. எம் மகன்.”

பல் முளைக்கிற நமைச்சலில், அவர் மண்டியிடும்போதெல்லாம் கைக்குழந்தை குனிந்து அதைக் கடிப்பானாம். அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லையாம்.

“அந்தத் துண்டாவது இருக்காண்ணே?” என்று கேட்டார். நான் வாசல் அடுப்பைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. “நீங்க என்ன செய்வீங்க, தெரியாமத்தானங்க...” என்று சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அவர் போனதும் சாம்பலைக் கிளறிக்கூடப் பார்த்தேன், பைத்தியக்காரன்.

இப்போதும் பழைய கட்டிலோ கதவோ வேலைக்கு வந்தால், ஒவ்வொரு வடுவையும் காட்டி, இருக்கட்டுமா போகட்டுமா என்று கேட்கிறேன். எலி கடித்ததற்கெல்லாம் உத்தரவு கேட்கிறானே என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கேட்காமல் எடுத்த அந்த ஒன்றை மட்டும் என்னால் திருப்பிச் செதுக்கிக் கொடுக்க முடியாதே.