ஞாயிற்றுக்கிழமைக் கண்ணாடிகள்

மாடம்பாக்கம் மெயின் ரோட்டில் எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடை ஒரே ஒரு ஷட்டர் அகலம்தான். முன்னால் நான் கண் பரிசோதிப்பேன். தடுப்புக்குப் பின்னால் என் கணவர் லென்ஸ் வெட்டிப் பொருத்துவார். ரமலானில் ஜகாத் கொடுத்துவிட்டால் தர்மக் கடமை முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம், அந்த அக்கா கடைக்கு வரும்வரை.

தெரு கூட்டி முடித்து, மேலே போட்டிருந்த பச்சைக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தார்.

"இதுக்கு ஒரு ஸ்க்ரூ மட்டும் போட்டுக் குடும்மா. கழண்டுகினே வருது."

கையில் வாங்கிப் பார்த்தேன். ஆண்கள் போடும் பெரிய ஃபிரேம்.

"இது உங்களுதா அக்கா?"

"என் வூட்டுக்காரருது. அவரு போய் ரெண்டு வருசம் ஆவுது. சும்மாதான கீதுன்னு நான் போட்டுக்கினேன்."

உட்காரவைத்துச் சோதித்தேன். அவர் கணவருடையது தூரப் பார்வைக்கான பவர். இவருக்குத் தேவை கிட்டத்தில் பார்ப்பதற்கு. தினமும் தலைவலி வருமாம், வெயிலால் என்று நினைத்திருக்கிறார். சரியான லென்ஸைப் போட்டு, "எதையாவது படிச்சுப் பாருங்க" என்றேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்தார். முகம் மாறியது.

"அடப்பாவிங்களா! என் பேரையே தப்பா எழுதி வச்சிக்கீறானுங்க!"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். புதுக் கண்ணாடிக்குப் பணம் வேண்டாம் என்றதும் சிரிப்பு நின்றுபோனது.

"சும்மா வேணாம்மா. நான் வேலை செஞ்சி துன்றவ."

எனக்குச் சுருக்கென்றது. தடுப்புக்குப் பின்னாலிருந்து என் கணவர் வந்தார்.

"சும்மா இல்லக்கா, எங்களுக்கு ஒரு வேலை செஞ்சு குடுங்க. உங்ககூட வேலை செய்யறவங்கள்ல யாருக்குக் கண்ணு சரியாத் தெரியலையோ, அவங்கள ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் காசு வாங்காம போட்டுக் குடுக்கறோம்."

அக்கா யோசித்தார். "அது ஆவும்" என்றார்.

நாலைந்து பேர் வருவார்கள் என்று எண்ணியிருந்தோம். ஞாயிறு காலை ஷட்டரைத் தூக்கினால் வரிசை பக்கத்து பேக்கரியைத் தாண்டி நின்றது. துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், ஒரு செக்யூரிட்டி. லென்ஸ் சமாளித்துவிடலாம். ஃபிரேமுக்கு எங்கே போவது? பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்று நானும் கணவரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தன் கண்ணாடியை வாங்க எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். காலனியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர். விஷயத்தைக் கேட்டார்.

"எங்க வீட்டு அலமாரியிலயே மூணு பழைய ஃபிரேம் தூங்குது. லென்ஸ மட்டும் மாத்தினா போதுமா?"

"போதும் டீச்சர்."

போனவர், தன் ஃபிளாட்டோடு நிற்கவில்லை. மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறார். மூச்சு வாங்க வந்து ஒரு துணிப்பையை என் முன் கவிழ்த்தார். ஃபிரேம்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து மேசைமேல் பரப்பினோம். ஒவ்வொருவரும் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தார். அன்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

இப்போது மாதத்தின் கடைசி ஞாயிறு எங்கள் கடையில் வியாபாரம் கிடையாது. மற்ற நாட்களில் புதிது வாங்குகிறவர்கள் பழைய ஃபிரேமைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். "என் கணக்குல இன்னொருத்தருக்கும் லென்ஸ் போட்டுடுங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு. கண்புரை இருப்பவர்களை நான் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பேன். துணைக்குப் போவது அக்கா. தன் அட்டையில் பெயரைத் திருத்தி வாங்கிய கையோடு, கூட வேலை செய்கிறவர்களின் அட்டைகளையும் சரிபார்த்துக் கொடுத்தார். பொழிச்சலூரிலிருந்தும் வண்டலூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்றால் அது அவர் வாய்வழியாகப் போன செய்திதான்.

போன மாதம் அந்த ஞாயிறன்று, காரில் வந்திறங்கிய ஒருவர் நேராக உள்ளே நுழையப் பார்த்தார். அக்கா கை நீட்டி மறித்தார்.

"லைன்ல வாங்க சார். இங்க எல்லாருக்கும் ஒரே லைன்தான்."

வந்தவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். உள்ளே லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்த என் கணவர் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.