அப்பாவுக்கு ஒரு சயாமா

"…இப்படியே கிடந்து போறேன், விடு. பெத்த மக தொட்டுக் கழுவுற உடம்பாம்மா இது? வெளியாளா ஒரு சயாமாவைக் கூட்டிட்டு வா," என்றார் அப்பா. நர்ஸை இங்கே நாங்கள் பர்மியத்தில் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். நான் வெந்நீரும் துண்டுமாகக் கட்டிலருகே நின்றிருந்தேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா இருந்தவரை அம்மா பார்த்தாள். அவள் போனபின் அவர் முதுகின் அடியில் படுக்கைப் புண் கண்டது. தம்பி மலேசியாவில். ஆண் துணைக்கு அலைந்து பார்த்தேன். இளவட்டமெல்லாம் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிற காலத்தில் யார் கிடைப்பார்? தினமும் நர்ஸ் வைக்கவும் வசதியில்லை. அதனால்தான் தின்கன்ஜூனில் எங்கள் வீட்டுப் பக்கமே நடந்த நர்ஸ் உதவியாளர் பயிற்சியில் நானே சேர்ந்தேன், இந்த வயதில்.

வகுப்பில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்துப் பழகுவோம். முதலில் முகம். கண்ணை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். கழுவுகிற இடத்தை மட்டும் திறந்து, மற்றதைப் போர்வையால் மூட வேண்டும். தையல் ஆலை வேலையை விட்டுவிட்டு ஷ்வேப்யிதாவிலிருந்து வரும் தோழி ஒருத்தி, பொம்மையின் கன்னத்தைத் தட்டி, "இந்த மாமாதான் தங்கமானவர், வெட்கமே படமாட்டார்" என்பாள். மற்றவர்கள் போகிறபோக்கில் சொல்வதையெல்லாம் மனசில் முடிந்துவைத்துக்கொள்வது என் வழக்கம். வகுப்பில் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவள்தான் நானும். அன்று அப்பா நல்ல கையால் போர்வையை இறுக்கிப் பிடித்தபோது அதே பேச்சு நினைவுக்கு வந்தது; வெந்நீரைக் கீழே வைத்தேன்.

கெஞ்சினேன். புண் ஆழமாகிறது, வாடை வருகிறது, இப்படியே விட்டால் உங்களையும் இழந்துவிடுவேன் என்றேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வகுப்பு முடிந்து வந்தவள் சீருடையை மாற்றவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, என் வீட்டுக் கதவையே வெளியாள் மாதிரி தட்டிவிட்டு உள்ளே போனேன். குளிப்பாட்ட வந்திருக்கிறேன் மாமா என்று பர்மியத்தில் சொன்னேன்.

வீட்டுக்குள் பர்மியம் பேசினாலே அப்பாவுக்குப் பிடிக்காது. என்னை வெகுநேரம் பார்த்தார். பெற்ற மகளின் கண்ணும் குரலும் தெரியாமலா இருக்கும்? பிறகு அதே பர்மியத்தில், ஆபீஸ்காரர்களிடம் பேசுகிற மரியாதையோடு, "வாங்க, சயாமா" என்றார். போர்வையை விட்டார்.

முகம் துடைத்தேன். கை, மார்பு, கால். சயாமாவுக்கு வீடு எங்கே என்று கேட்டார். ஷ்வேப்யிதா என்று தோழியின் ஊரைச் சொன்னேன்.

"அப்பா அம்மா இருக்காங்களா?"

"அப்பா மட்டும் இருக்கார்."

 அவர் வலது கையால் சுவரோரத்துக் கட்டில் கம்பியை எட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் கொடுத்தார்.