ஹமீதா டாக்கீஸில் ஹவுஸ்ஃபுல்

காசுக்குக் கஷ்டம் வந்தால் ஜனங்கள் சினிமாவுக்குத்தான் ஓடி வருவார்கள் என்பது பஞ்சநதத்தின் சித்தாந்தம். கஷ்டத்தை மறக்க மனிதனுக்கு மூன்று மணி நேர இருட்டு வேண்டுமாம். டீக்கடையில் சொல்வார், சலூனில் சொல்வார், துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் சொல்லிவிட்டு வருவார். நல்ல சித்தாந்தம்தான், யார் இல்லை என்றது? ஜனங்களுக்குத்தான் அது தெரியாமல் போய்விட்டது.

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற சாலையில் இருக்கிற ஹமீதா டாக்கீஸுக்கு அவர் மேனேஜர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு காலத்தில் பதினோரு பேர் வேலை பார்த்த இடம். அந்த வருஷம் பார்த்து எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஆளைக் குறைக்க, போன பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். துபாயிலிருந்து வருகிற பணம் இளைத்தது. ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்ததில் குறுவை பாதிப் பேருக்குக் கையைக் கடித்தது. வீட்டுச் செலவில் எதை வெட்டலாம் என்று உட்கார்ந்தால் எந்த வீட்டில் பாலை வெட்டுவார்கள்? சினிமாவை வெட்டினார்கள். கஷ்டத்தை மறக்க வேண்டியவன் கட்டிலில் மல்லாந்து படுத்து போனிலேயே மறந்துகொண்டான்.

பதினோரு பேர் இரண்டு பேரானார்கள். மேலே ஆபரேட்டர் தியாகராசன், கீழே மிச்சம் எல்லாமே பஞ்சநதம். கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பார். கொடுத்த கையோடு வாசலுக்கு ஓடிப்போய், தான் கொடுத்த டிக்கெட்டைத் தானே வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் கிழிப்பார்.

"இப்பத்தானே சார் நீங்க குடுத்தீங்க?"

"அது கவுண்டரு. இது கேட்டு."

பத்துப் பேருக்குக் குறைந்தால் ஷோ கிடையாது என்று ஒரு விதி. ஒன்பது பேர் வந்த அன்று மனைவி அமிர்தத்துக்குப் போன் போகும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு வந்து உட்காருவாள்.

"ஏங்க, இதே படத்தை ஏழாவது தடவை பாக்குறேன். இன்னும் ஒருதரம் பாத்தா அந்தக் கதாநாயகிய நானே அறைஞ்சிருவேன், ஆமா."

முதலாளி அப்துல் வஹாப் மன்னார்குடியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவருடைய அம்மா ஹமீதா பானு பெயரில் அத்தா கட்டிய கொட்டகை இது. அதனால்தான் இத்தனை நாள் பொறுத்தார். பொறுமைக்கும் ஓர் எல்லை இருக்கிறதல்லவா? மாதத் தொடக்கத்தில் ஒருநாள் வந்து, வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டு சங்கடமாக ஆரம்பித்தார்.

"பஞ்சநதம், ஒரு ரைஸ்மில்காரர் நெல்லு குடோனுக்கு இந்த எடத்தைக் கேக்குறாரு. இங்க எரியிற கரண்டுக்கு நான் அங்க சேலை வித்துக் கட்டிக்கிட்டிருக்கேன். நீங்களே சொல்லுங்க."

"கூட்டம் வரும் பாய். கஷ்டகாலத்துலதான் ஜனம்..."

"அதச் சொல்லாதீங்க, மனப்பாடமாயிருச்சு. இந்த மாசத்துக்குள்ள ஒரே ஒரு ஷோ ஹவுஸ்ஃபுல் காட்டுங்க. மில்காரரைத் திருப்பி அனுப்பிடுறேன். இல்லேன்னா ஒண்ணாந்தேதி சாவி அவரு கையில."

முந்நூற்று எண்பது நாற்காலி. பஞ்சநதம் ஆட்டோவில் மைக் கட்டினார், டிக்கெட் விலையைக் குறைத்தார், முறுக்கு இலவசம் என்றார். முறுக்கு தீர்ந்ததே தவிர நாற்காலி நிறையவில்லை. வீட்டில் சோறு இறங்காமல் தட்டைத் தள்ளி வைத்தார். "வேலை போனாப் போவுதுங்க, உடம்பைக் கெடுத்துக்காதீங்க" என்றாள் அமிர்தம். ஐம்பத்தெட்டு வயதில் போய் யாரிடம் வேலை கேட்பது? அதை அவளிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

மாதக் கடைசிக்கு முந்தைய நாள், மத்தியானக் காட்சி. உள்ளே அமிர்தத்தோடு சேர்த்துப் பத்துப் பேர். கொட்டகைக்கு நேர் எதிரே நெல் கொள்முதல் நிலையம். குறுவை அறுவடையாகி, சாலையோரம் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு நாலு நாளாகக் காத்துக் கிடந்தார்கள் விவசாயிகள். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். அந்த நேரம் பார்த்து வானம் கருகருவென்று திரண்டது. இருக்கிற படுதா பாதி மூட்டைக்குக்கூடக் காணாது.

"மேனேஜர் சார், கதவத் தொறங்க! நெல்லு நனைஞ்சா நாங்க செத்தோம்!" என்று முதல் ஆளாக ஓடி வந்தாள் காத்தாயி. மூன்று ஏக்கர் குத்தகைக்காரி. அவள் பின்னால் தலையில் மூட்டையோடு நல்லக்கண்ணு.

பஞ்சநதம் யோசிக்காமல் கதவைத் திறந்தார். திறந்த பிறகுதான் யோசனை வந்தது. வந்ததும் கதவின் குறுக்கே கையை நீட்டினார்.

"ஆளுக்கு ஒரு டிக்கெட், மூட்டைக்கு ஒரு டிக்கெட்!"

"நெல்லு படம் பாக்குமா சார்?" என்றார் நல்லக்கண்ணு.

"சீட்டுல உக்காருதா இல்லியா?"

"அப்ப அரை டிக்கெட் போடுங்க."

"அரை டிக்கெட்டா? இது நட்டு நூத்துப்பத்து நாளு ஆன புள்ள. கைக்கொழந்தை! கைக்கொழந்தைக்கு ஏதுங்க டிக்கெட்டு?" என்று குறுக்கே பாய்ந்தாள் காத்தாயி.

பஞ்சநதம் அசந்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "தாயீ, டிக்கெட் இல்லாம ஹவுஸ்ஃபுல் ஆவாது, ஹவுஸ்ஃபுல் ஆவலேன்னா எனக்குப் பொழப்பு கெடையாது. மூட்டைக்குப் பத்தே ரூவா. எல்லா ஃபேனும் போட்டு விடுறேன், உங்க நெல்லும் காயும்."

முதல் தூறல் விழுந்தது. பேரமும் படிந்தது. அடுத்த அரை மணி நேரம் அங்கே நடந்ததை ஆபரேட்டர் தியாகராசன் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். பஞ்சநதம் கவுண்டருக்கும் கேட்டுக்குமாக ஓடினார். மூட்டையின் டிக்கெட்டையும் விடாமல் வாங்கிப் பார்த்துக் கிழித்து, பாதியைச் சாக்கின் தையலில் செருகினார். முந்நூற்றுப் பத்து மூட்டை, ஏற்கெனவே உள்ளே இருந்த பத்துப் பேரோடு சேர்த்து எழுபது ஆள். நாற்காலி ஒன்றுகூடப் பாக்கியில்லை. ஹவுஸ்ஃபுல் பலகை தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடியாகக் கிடந்தது. துடைத்து வாசலில் மாட்டிவிட்டு மன்னார்குடிக்குப் போன் போட்டார்.

"பாய்... ஹவுஸ்ஃபுல்!"

கொட்டுகிற மழையில் கார் வந்தது. வஹாபோடு மில்காரரும் இறங்கினார். பலகையைப் பார்த்தே மில்காரர் முகம் தொங்கிவிட்டது. உள்ளே இருட்டில் முதல் வரிசை முதல் கடைசி வரிசை வரை தலை தலையாகத் தெரிந்தது. வஹாப் "மாஷா அல்லாஹ்" என்று பஞ்சநதத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அம்மா பேர் பிழைத்தது என்று அவருக்குக் கண் கலங்கியது.

அப்போது இடைவேளை வந்தது. விளக்கு எரிந்தது.

தலை என்று தெரிந்ததெல்லாம் மூட்டை. இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அமிர்தம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மில்காரர் நேராக ஒரு மூட்டையிடம் போய், தையல் இடுக்கில் விரலை விட்டு, ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். கடக்கென்றது. கூரையை அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாய், இந்தப் போடு போடுது மழை, ஒரு சொட்டு ஒழுகல பாருங்க! கூரை எப்படியோன்னுதான் எனக்கு ரோசனையா இருந்துச்சு. இனிமே பேச்சே இல்லை, அட்வான்ஸ இப்பவே வாங்கிக்குங்க."

குடோன் வரக்கூடாது என்று நாயாய் ஓடிய பஞ்சநதம், குடோனுக்கு இதைவிட நல்ல இடம் தாலுகாவிலேயே இல்லை என்று தன் கையாலேயே ருசு பண்ணிக் கொடுத்துவிட்டார்!

"ஹவுஸ்ஃபுல்லுன்னுதானே பாய் சொன்னீங்க?" என்றார், ஈனக்குரலில்.

"நான் ஆளைச் சொன்னேன் பஞ்சநதம்." வஹாபுக்கும் மனசு கேட்கவில்லை. "என்னால இனி இழுக்க முடியாது. குடோனுக்கும் நீங்கதான் மேனேஜர், அத நான் பேசிக்கிறேன். வேலை போவாது."

வேலை போகாது. அது போதும் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தார். போதவில்லை.

"அங்க என்ன பேச்சு? படத்துல அந்தப் பொண்ணு கெணத்துல விழுந்துச்சா இல்லியான்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று காத்தாயி ஏழாவது வரிசையிலிருந்து சத்தம் போட்டாள். எழுபது பேரும் சேர்ந்து விசில் அடித்தார்கள். அந்தக் கொட்டகையில் விசில் கேட்டு எத்தனை வருஷமாகிறது! பஞ்சநதம் மூக்கைச் சிந்திவிட்டுப் போய் மணியை அடித்தார். விளக்கு அணைந்து படம் ஓட ஆரம்பித்தது.

மில்காரர் சந்தோஷத்தில் மீதிப் படத்தையும் பார்த்துவிட்டே போகலாம் என்று, ஓரத்து நாற்காலியிலிருந்த மூட்டையைக் கீழே இறக்கக் குனிந்தார். சுளீரென்று டார்ச் வெளிச்சம் அவர் கையில் விழுந்தது.

"எறக்காதீங்க சார். அதுக்கு டிக்கெட் இருக்கு" என்றார் பஞ்சநதம். "உங்களுக்கு இருக்கா?"

மில்காரர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். வஹாப் பாய் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். படம் முடியும்வரை இரண்டு பேரும் நின்றுகொண்டேதான் பார்த்தார்கள்.