கண்ணாடி விளக்கின் கீழ் ஒரு வாளி

வியாழக்கிழமை மதியம். அலுவலகத் தொலைபேசியில் செல்வி அக்காவின் தம்பி முருகன். “அக்கா போயிடுச்சி மேடம். காலையிலயே எடுத்துட்டோம்.” மூன்று நாள் காய்ச்சல். நாற்பத்திரண்டு வயது. கையில் இருந்த மொழிபெயர்ப்பை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். அழவில்லை. கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

செல்வி அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். தெற்கு டெல்லியில் அந்தச் சிறிய ஸ்டூடியோ தமிழ் நிகழ்ச்சிகள் தயாரித்த ஆறேழு வருடங்களில், கேமரா முன் வந்த நம் எல்லோருக்கும் மேக்கப் போட்டவர் அவர். அதைவிட முக்கியமாக, கலைத்தவர்.

ஜனவரியில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். கண்ணாடியைச் சுற்றி எரியும் பல்புகளின் அருகே பாட்டிலைச் சாய்த்து வைத்திருப்பார். உருகியதை உள்ளங்கையில் விட்டு, மூடிய கண்மேல் கையை வைப்பார். தேய்க்க மாட்டார். காத்திருப்பார். பிறகு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துண்டு. வெதுவெதுப்பான தண்ணீர். அவ்வளவுதான். துண்டுகளை வெந்நீரில் அலசி மாடியில் காயப் போட்டு மறுநாள் மீண்டும் கொண்டுவருவார். நான் அவசரப்பட்டால், “மை தானா இறங்கும் பாப்பா. கண்ணோட ஏன் சண்ட போடுற?” என்பார்.

பிறகு வைப்ஸ் வந்தது, மேக்கப் துடைக்கும் ஈரத்தாள். பெட்டி பெட்டியாக. மேனேஜர் பெருமையாக வாங்கிவந்தார். ஒரு தாளை உருவு, தேய், எறி. எங்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கும். இரண்டு மாதத்தில் என் கண்ணோரம் சிவந்து தோல் உரிந்தது. டெல்லிக் குளிர் என்று நினைத்தேன். அக்கா என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். குளிர் இல்லை, தாள்தான் என்றார். தேய்க்கிற தேய்ப்பில் தோல் போகிறது. அதில் இருக்கிற மருந்தைக் கழுவாமல் விடுவதால் முகத்திலேயே காய்கிறது. நான் அவருடைய துண்டுக்குத் திரும்பினேன். முழுதாக அல்ல. பஸ்ஸுக்கு நேரமான நாட்களில் குளியலறைக்குள் ஒரு வைப்ஸோடு நுழைவேன். முடித்ததும் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் விடுவேன். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். தாள்தானே, கரைந்துவிடும்.

கரையவில்லை. ஒரு காலை கட்டடம் முழுக்க நாற்றம். மேனேஜர் வேறு யாரையும் கேட்கவில்லை. நேராக மேக்கப் அறைக்கு வந்தார். “உங்க கேம்ப்ல யாராவது இருப்பானே. ஜல்தி கூப்பிடு.”

அக்கா வீடு தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில், பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயை ஒட்டி. சாக்கடை அடைத்தால் அங்கிருந்து ஆள் வரும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வந்தவர் அக்காவின் தம்பி முருகன்.

பின்சந்தில் மூடியைத் திறந்து, இடுப்பில் கயிற்றோடு இறங்கினார். அக்கா மேலே குனிந்து நின்று “முருகா, முருகா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே விஷவாயு இருக்கும். பதில் வருகிறவரை உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை பதில் வரத் தாமதித்தது. அப்போது அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். அதை எழுத எனக்கு வராது.

வாளியில் வந்தது முழுக்க வைப்ஸ். முறுக்கிய கயிறு போல. ஒன்றும் மட்கவில்லை. உதட்டுச் சாயம் அப்படியே. மையும் அப்படியே.

அந்த வாளியை அக்கா தூக்கிவந்து மேக்கப் மேசைமேல் வைத்தார். கண்ணாடி விளக்குகளுக்குக் கீழே. மூக்கைப் பொத்திக்கொண்டு மேனேஜர் அதை வெளியே வீசச் சொன்னார்.

“இது உங்க ஆளுங்க மூஞ்சி சார். எங்க வீட்டுக் கை எடுத்திருக்கு. பாத்துட்டுத் தூக்கிப் போடுங்க.”

இனிமேல் குப்பைத் தொட்டியில் போடச் சொல்கிறேன் என்றார் அவர், சமாதானமாக.

“தொட்டியில போட்டாலும் எங்க நாலாவுக்குத்தான் வருது. இந்தப் பெட்டி இங்க இருந்தா நான் மேக்கப் போட மாட்டேன். இன்னொரு வாட்டி அடச்சா என் தம்பியக் கூப்பிட மாட்டேன்.”

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். படப்பிடிப்பு நின்றது. மேனேஜர் எங்களைப் பார்த்தார். வாளியில் இருப்பது யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்தேன். இதைப் படிக்கிறவர்களில் சிலரும் அன்று தரையைத்தான் பார்த்தீர்கள்.

அடுத்த மாதம் அக்காவை வரவேண்டாம் என்று சொன்னார்கள். பெட்டிகள் தொடர்ந்து வந்தன. அதன்பின் கல்யாணப் பெண்களுக்கு வீடு வீடாகப் போய் மேக்கப் போட்டார். வைப்ஸ் கேட்ட வீடுகளுக்கு மறுமுறை போகவில்லை. பிடிவாதக்காரி என்றார்கள். ஆமாம். பிடிவாதக்காரிதான். அவர் தோற்றுப்போனார் என்று இரங்கல் சொல்ல யாரும் என்னிடம் வர வேண்டாம்.

நேற்று கேம்ப்புக்குப் போனேன். முருகன் வாசலில் நின்றிருந்தார். இப்போது சப்ஜி வண்டியில் காய்கறி விற்கிறார். ஸ்டூடியோவில் அன்று இறங்கியதுதான் கடைசி என்றார். “அதுக்கப்புறம் எத்தனையோ பேர் வந்து கூப்பிட்டாங்க மேடம். அக்காதான் வெளிய வந்து பேசும். அனுப்ப மாட்டேன்னு ஒரே வார்த்த.” அந்த வார்த்தைக்காகத் தன் வேலை போனதைத் தம்பியிடம் அவர் சொல்லியிருக்கவே இல்லை. நான்தான் சொன்னேன். அந்த வாளியில் இருந்தவற்றில் என்னுடையதும் உண்டு என்பதையும் சொன்னேன். முருகன் உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்துவந்து வாசலில் போட்டார். பிறகு உட்காரச் சொன்னார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ‘மாட்டேன்’. அவர் அதைச் சத்தமாகச் சொன்னார். நான் இப்போதுதான் சொல்லிப் பழகுகிறேன்.