எட்டாவது கேள்வி

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் படித்தவர்களைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னியுங்கள். எழுதாமல் இருக்கத்தான் இத்தனை வருசம் பார்த்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பங்களா ஒன்றில் தேயிலை ஆராய்ச்சிக்கென்று இரண்டு விரிவுரையாளர்கள் தங்கியிருந்தார்கள். நான் அவர்களுக்குப் பியூன். என் தம்பி தேயிலையின் கொப்புள நோய்க்கு மருந்து அடிக்கிற ஆள். சாயங்காலம் அவனால் சோற்றைப் பிசைய முடியாது. மருந்து பட்டு உள்ளங்கை உரிந்து கிடக்கும். நான்தான் ஊட்டுவேன்.

கொழும்பிலிருந்து இருவருக்கும் ஒரு கேள்வித்தாள் வந்தது. நிபுணர்களின் கருத்தைக் கேட்டு, அதை வைத்துத் தோட்டங்களுக்கு விதி எழுதப்போகிறார்களாம். இங்கிலீசில் இருந்த எட்டாவது கேள்வியைத் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா எனக்கு வாசித்துச் சொன்னார்: மருந்து அடிப்பவர்களுக்குக் கையுறை கட்டாயம் தேவையா?

விரிவுரையாளர்களில் மூத்தவர் மலை ஏறியதே இல்லை. "பதில் போட்டவையின்ர பேர் விதிப் புத்தகத்தில வருமோ?" என்று கேட்டார். வரும் என்று கிளாக்கர் சொன்னதும், பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று கோடு போட்டுத் தந்தார். எட்டாவதில், தேவையில்லை.

இளையவர் மருந்து அடிக்கும் மலையிலேயே கிடந்தவர். தம்பியின் கையைப் பிடித்துப் பார்த்து நோட்டில் படம்கூட வரைந்தவர். அவருடைய தாள் பத்து நாளாக மேசையில் கிடந்தது. கடைசி நாள் காலை, தபால் பை கட்டுமுன், முதல் தடவையாக அவரிடம் வாய் திறந்தேன்.

"ஐயா, எட்டாவதுக்கு மட்டுமாவது போட்டுக் குடுங்க."

"என்ர நாலு வருசப் படிப்பை ஓமெண்டும் இல்லையெண்டும் சுருக்கச் சொல்லுறாங்கள். இதுக்குப் பதில் போடுறவன் விசரன்."

"பக்கத்து ரூம் ஐயா போட்டுட்டாங்களே."

"அந்தாள் கோயில் நோட்டீசிலயும் பேர் போடச் சொல்லும்." சிரித்தார்.

"நீங்க பார்த்த கை என் தம்பி கைதாங்க."

"தெரியும். விரிவாக் கட்டுரை எழுதுவன். அவசரமெண்டா நீயே நிரப்பன், நிபுணர்!"

ஒருவருக்குப் பேர் வேண்டியிருந்தது, எழுதினார். இவருக்குத் தன் படிப்பு கசங்கிவிடக் கூடாது, எழுதவில்லை. மூத்தவரை மடையன் என்று விட்டுவிட்டேன். இவரை அப்படி விட்டுவிட மனம் வரவில்லை.

பேனை என் சட்டைப் பையில்தான் இருந்தது. எழுதப் பயம். வெற்றுத் தாளையே உறையில் போட்டு ஒட்டினேன்.

மறுநாள் மழை இல்லை. தம்பி மருந்து டின்னை முதுகில் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு நாலாம் நம்பர் மலைக்கு அடிக்கப் போனான்.