மஞ்சள் மேடு

என் மச்சினிக்கு நான் சோதனைக் கூலி பாக்கி வைத்திருந்தேன். கடனே இல்லாமல் மூன்று மாடி எழுப்பியவன் நான். என் வாழ்நாளில் ஒரே கடன் அதுதான் என்பதால், அதைக் கொடுத்த கதையையும் எழுதிவிடுகிறேன்.

அவள் என் மனைவியின் தங்கை. மருந்துக் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவள். அவர்கள் கழித்துப் போட்ட இயந்திரத்தைச் சல்லிசாக வாங்கி, டயர் கடைக்கு மேலே இரண்டு அறையில் சொந்தமாகச் சோதனைக்கூடம் வைத்தாள். குடும்பத்தில் அவளுக்குக் ‘கறார்’ என்று பெயர். விருந்துக்குப் போன வீட்டிலும் உப்பு எத்தனை கிராம் என்று கேட்பவள்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். ஒற்றைத் தேன்பெட்டியில் தொடங்கி, ஒரு மலைச்சரிவு முழுக்கப் பெட்டி வைத்தேன். அப்படிப்பட்ட என் தேனைத்தான் மொத்த வியாபாரி போலி என்றார். சரக்கு அவர் கிடங்கில். பணம் அவர் பெட்டியில். கேட்டால் வேறொரு கூடத்தின் ரிப்போர்ட்டை நீட்டினார்: ‘புரோலின் காணப்படவில்லை.’ தேனில் இருக்கும் அமினோ அமிலங்களில் அதிகமாக இருப்பது புரோலின். பெரும்பங்கு தேனீயே சேர்ப்பது. அது இல்லையென்றால் சர்க்கரைப் பாகு என்று அர்த்தம். பணத்தோடு என் பெயரும் போயிருக்கும்.

மச்சினி அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

“முதல்ல சாயம் ஏத்தி, அப்புறம் குழாய்ல விட்டுப் பிரிச்சிருக்காங்க அத்தான். வேகமான வழிதான். ஆனா இவங்க போட்ட சாயம் புரோலின்ல ஒட்டாது. ஒட்டாதது எப்படித் தெரியும்?”

“அப்ப ஒட்டுற சாயமாப் போட்டு மதியத்துக்குள்ள குடு.”

“அதுவும் இருக்கு. ஆனா மிச்சச் சாயம் நின்னு, இயந்திரம் வரையுற கோட்டுப் படத்தைக் குழப்பும். நான் முதல்ல பிரிச்சுட்டு, அப்புறம் நின்ஹைட்ரின்னு ஒரு நிறமேத்துற மருந்தைக் கலந்து சூடு காட்டுவேன். சர்க்கரை முன்னாடியே ஓடிப்போயிடும். மத்த அமிலமெல்லாம் ஊதா, புரோலின் மட்டும் மஞ்சள்; இருந்தா மஞ்சள் கோடு மேடா எழும்பும். நாளைக்கு வாங்க.”

“இயந்திரம் வெச்சிருக்கியா, மாட்டு வண்டி வெச்சிருக்கியா?”

“மாட்டு வண்டிதான். வழியில யாரையும் விட்டுட்டு வராது.”

எதையும் உரசிப் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை நான். அதனால்தான் முன்னேறினேன். ஒரு பாட்டிலில் என் தேனும், இன்னொன்றில் நானே காய்ச்சிய சர்க்கரைப் பாகும் ஊற்றி, இரண்டும் என் தேன் என்று கொடுத்தேன். நிறத்தைப் பார்த்து என் மனைவியே ஏமாந்தாள்.

மறுநாள் வியாபாரியையும் கூட்டிக்கொண்டு போனேன். மச்சினி முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரு காகிதத்தை அவரிடம் கொடுத்தாள்.

“மஞ்சள் கோட்டைப் பாருங்க. மேடே இல்லை. இவர் தேன் போலிதான்.”

வியாபாரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இரு, இரு. அது தேனில்லை. நான் காய்ச்சின பாகு.”

“அப்ப உங்களுக்குப் பாகு காய்ச்சத் தெரியும்” என்றார் வியாபாரி.

என் மச்சினி அப்போதுதான் சிரித்தாள். இன்னும் இரண்டு காகிதத்தை மேஜையில் போட்டாள். இரண்டிலும் மஞ்சள் கோடு மலை மாதிரி எழும்பி நின்றது.

“இது அத்தான் குடுத்த அடுத்த பாட்டில். இது நேத்து சாயங்காலம் உங்க கிடங்குல, அத்தான் சரக்கு டின்னை உங்க கையாலயே திறந்து எனக்கு ஊத்திக் குடுத்தது. நல்ல தேன். பாகு எப்படி இருக்கும்னு அத்தானே காட்டிட்டார், பாவம்.”

வியாபாரி மூன்று காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, பாக்கி முழுவதையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். என் யோசனையால்தான் அவர் வாயடைத்தார் என்று இன்றும் சொல்வேன்.

“என் கூலி?” என்றாள் மச்சினி.

ஒரு சோதனைக்கான பணத்தை எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தேன். கை மூடவில்லை.

“கிடங்குத் தேனுக்கு?”

வைத்தேன். கை அப்படியே இருந்தது.

“பாகுக்கு யார் குடுப்பா, அத்தான்?”

அதையும் எண்ணி வைத்தேன்.